பங்க் இசையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் சேமிப்பு, உடல்நலம் என்று இந்த நேரத்தில் பலவற்றைக் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் பேசப்போவது ஓர் இசையைப் பற்றி. அதற்குப் 'பங்க்' என்று பெயர். "அந்தக் காட்டுக் கத்தலுக்கும் கல்வி உரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் பெரியவர்கள் உங்களில் இருப்பீர்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவர்தாம். கேட்டதோடு நில்லாமல் ஒரு தவறும் செய்தோம். அந்தத் தவற்றிலிருந்தே இந்த உரையைத் தொடங்குவது முறை.

2009ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. அன்று அங்கே பரிசளிப்பு விழா. முன்பு பள்ளியைச் சுற்றி ரப்பர் மரங்கள் நின்றன. அப்பொழுதே அவை போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ஆனாலும் விழா என்றால், தாமானுக்குக் குடிபெயர்ந்தவர்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிடுவார்கள். வாசலில் நின்று வருவோரை வரவேற்கும் பொறுப்பு நம்முடையது.

மாலை ஏழு மணி இருக்கும். நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவன் ஒருவன் வந்தான். வயது பதினெட்டு. தலையின் இரு பக்கமும் மழித்து, நடுமுடி சேவல் கொண்டை போல் நின்றது. கால்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. சட்டையில் வரிசையாக ஊக்குகள் மாட்டியிருந்தன. இவை எல்லாவற்றையும்விட நம் கண்ணை உறுத்தியது, அவனுடைய வலது புறங்கையில் கறுப்பு மையால் போட்டிருந்த ஒரு பெருக்கல் குறி. நம் பிள்ளைகளில் சிலர் குண்டர் கும்பல்களில் சேர்ந்து, எண்களையும் சின்னங்களையும் உடம்பில் குத்திக்கொண்டு திரிந்த காலம் அது. இதுவும் அப்படி ஒன்றுதான் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

"இந்தக் கோலத்தோட உள்ளே வரக்கூடாது தம்பி. போய் ஒழுங்கா உடுத்திக்கிட்டு வா" என்றோம்.

"தங்கச்சி கவிதை சொல்லப்போவுது சார். பார்த்துட்டு உடனே போயிடறேன்" என்றான்.

"முடியாது" என்றோம்.

அவன் வாதாடவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, வேலிக்கு வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய தங்கை மேடைக்கு வந்தாள். இரண்டு வரி சொன்னாள். நாற்காலி வரிசைகளில் யாரையோ தேடினாள். பிறகு சொல் மறந்து நின்றுவிட்டாள். ஓர் ஆசிரியை அவளைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

அந்தக் கறுப்புக் குறியின் பொருள் நமக்கு விளங்க ஏழு ஆண்டுகள் ஆயின. அதைச் சொல்வதற்கு முன், இந்த இசை எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

நேயர்களே, 'பங்க்' என்பது ஆங்கிலத்தில் ஒரு வசைச் சொல். உதவாக்கரை, போக்கிரி என்று நாம் திட்டுகிறோமே, அது போன்றது. பிறர் தம்மைத் திட்டிய சொல்லையே இந்த இளைஞர்கள் தமக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

1974ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நான்கு இளைஞர்கள் ஓர் இசைக்குழு அமைத்தார்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத அந்த நால்வரும் 'ராமோன்' என்ற ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். குழுவின் பெயரும் 'ராமோன்ஸ்'. அக்காலத்தில் ராக் இசை பெரும் பணக்காரர்களின் தொழிலாக மாறியிருந்தது. ஒரு பாட்டே பத்து, பதினைந்து நிமிடம் ஓடும். அதை வாசிக்க விலையுயர்ந்த கருவிகளும் பல்லாண்டுப் பயிற்சியும் வேண்டும். ராமோன்ஸ் குழுவினர் இதையெல்லாம் வெட்டிக் குறைத்தார்கள். 1976இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் 14 பாடல்கள். அத்தனையும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேகம், எளிமை, நேரான பேச்சு. அதுதான் பங்க்.

இந்தப் பொறி இலண்டனுக்குச் சென்றபோது தீயாகப் பற்றியது. 1975இல் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற குழுவும், 1976இல் 'தி கிளாஷ்' என்ற குழுவும் அங்கே தோன்றின. ஏன் இலண்டனில் அப்படிப் பற்றிக்கொண்டது? அப்போதைய இங்கிலாந்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். வேலையில்லாதோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1976இல் பிரிட்டிஷ் அரசாங்கமே அனைத்துலகப் பண நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தன. பள்ளியை முடித்த பிள்ளைகள் உதவித்தொகை வாங்க வரிசையில் நின்றார்கள். "உனக்கு இங்கே இடமில்லை" என்று ஒரு நாடு தன் பிள்ளைகளிடம் சொன்னால், அந்தப் பிள்ளைகள் மெல்லிசையா பாடுவார்கள்? 1977இல், அரசியார் அரியணை ஏறிய 25ஆம் ஆண்டு விழாவை நாடே கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், செக்ஸ் பிஸ்டல்ஸ் அரசியாரைச் சாடி ஒரு பாட்டை வெளியிட்டது. பிபிசி வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது. ஆயினும் அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

இது எங்கோ வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் பேராக்கின் கதையும் இதுதான். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கி, இந்த மாநிலம் ரப்பரையும் ஈயத்தையும் இரு கண்களாகக் கொண்டு வாழ்ந்தது. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஈப்போவின் இளைஞர்கள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். தோட்டங்களிலும் அப்படியே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. நிலம் கைமாறியது. மூன்று தலைமுறையாகக் குடியிருந்த லயத்து வீடு தமக்குச் சொந்தமில்லை என்பதை நம் மக்கள் அன்றுதான் உணர்ந்தார்கள். ஒரு தொழில் சாயும்போது பெரியவர்கள் கூலியை இழக்கிறார்கள். இளையவர்களோ, 'நாளைக்கு நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ளும் நம்பிக்கையையே இழக்கிறார்கள். அந்த வெறுமையில் சத்தம் பிறக்கிறது. இலண்டனில் அது கிட்டாரில் பிறந்தது.

சரி, கையில் காசில்லாத பிள்ளைகள் எப்படி இசை செய்தார்கள்? இந்தக் கதையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி இதுவே.

பங்க் இளைஞர்களின் வேதம் ஒன்றுதான்: நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம். கிட்டாரில் விரல் வைக்கும் மூன்றே மூன்று பிடிகளைப் படம் போட்டுக் காட்டி, "இவ்வளவு தெரிந்தால் போதும், குழுவைத் தொடங்கு" என்ற பொருளில் 1977இல் ஒரு சிறு இதழ் எழுதியது. அந்த இதழ்களும் அச்சகத்தில் அச்சடித்தவை அல்ல. தட்டச்சு செய்து, கையால் தலைப்பு எழுதி, நகலெடுத்து, மூலையில் பின்னடித்து விற்றவை. அவற்றில் பெயர்பெற்ற ஒன்றை 1976இல் தொடங்கியவர் வங்கியில் வேலைபார்த்த ஓர் இளைஞர். மான்செஸ்டர் நகரத்தின் 'பஸ்காக்ஸ்' என்ற குழுவை எந்த இசைத்தட்டு நிறுவனமும் தேடி வரவில்லை. அவர்கள் வீட்டாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கினார்கள். 1977 ஜனவரியில் நான்கு பாடல்கள் கொண்ட ஒரு தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். முதலில் 1,000 தட்டுகள்தாம் போட்டார்கள். பிறகு 16,000 வரை விற்றன. மகனின் 'காட்டுக் கத்தலுக்கு' அன்று வீட்டில் கடன் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள், நேயர்களே!

இந்த வழி நம் மக்களுக்குப் புதிதா? 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நடந்து, நம் குடும்பங்கள் தெருவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. அப்பொழுது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பால்மரம் சீவும் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். யாரும் தரமாட்டார்கள் என்றால் நாமே சேர்ந்து வாங்குவோம் என்ற துணிவு அது. எத்தனையோ தோட்டங்களில் பள்ளிக்குக் கூரை போட்டதும், கோவில் கட்டியதும், திருவிழாவில் நாடகம் போட்டதும் நம் பாட்டன்மாரின் கைகள்தாம். திரைச்சீலைக்குப் பழைய சேலை, ஒப்பனைக்கு அரிசிமாவு, பின்னணி இசைக்கு ஓர் ஆர்மோனியம். அவர்கள் பங்க் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் அந்த வேதத்தை அறிந்திருந்தார்கள்.

இனி உடைக்கு வருவோம். பெரியவர்களைக் கலங்கச் செய்வது அதுதானே. கிழிந்த துணியைத் தைக்க முடியாதபோது ஊக்கு மாட்டுகிறோம். நம் வீட்டுத் தாய்மார்கள் அவசரத்துக்கு உதவும் என்று தாலிச் சரட்டிலேயே இரண்டு ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். வறுமையை மறைக்க மாட்டிய அந்த ஊக்கைப் பங்க் இளைஞர்கள் எல்லாரும் பார்க்கும்படி வெளியே மாட்டினார்கள். "எங்கள் நிலை இதுதான், பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது அதன் பொருள். பிறகு வணிகர்கள் புகுந்தார்கள். புத்தம்புதுக் கால்சட்டையைக் கிழித்து இரண்டு மடங்கு விலைக்கு விற்றார்கள். இன்று பேரங்காடியில் நம் பிள்ளை கேட்டு அடம்பிடிக்கும் கிழிசல் கால்சட்டை அந்த வழியில் வந்ததே. கிழிசலைக் காசு கொடுத்து வாங்குவதில் எந்தக் கலகமும் இல்லை என்று பிள்ளைக்குச் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

இந்த இசையில் கெடுதலே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. கல்லும் அரிசியும் கலந்துதான் இருந்தன. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷியஸ் என்ற இளைஞர் 1979 பிப்ரவரியில் ஹெராயின் போதையால் இறந்தார். வயது 21. அவருடைய படத்தைச் சட்டையில் அச்சிட்டு மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் அந்த வயதை நினைத்துப் பார்ப்பதில்லை. இன்னும் சிலர், பார்ப்பவரை அதிரவைக்க வேண்டும் என்றே ஹிட்லரின் நாஜிச் சின்னத்தைக் கையில் கட்டினார்கள். விளையாட்டாகக் கட்டிய அந்தச் சின்னத்தை, உண்மையிலேயே இனவெறி கொண்டவர்கள் தங்களுக்கு அழைப்பாக எடுத்துக்கொண்டார்கள். 'நேஷனல் பிரண்ட்' என்ற கட்சி, ஆசியர்களும் கறுப்பர்களும் இங்கிலாந்தை விட்டு வெளியேற வேண்டும் என்று ஊர்வலம் நடத்திய நாள்கள் அவை.

அப்பொழுது பங்க் இளைஞர்கள் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டியிருந்தது. அவர்களில் பலர் சரியான பக்கத்தில் நின்றார்கள். 1976இல் 'இனவெறிக்கு எதிரான ராக்' என்ற இயக்கம் தோன்றியது. 1978 ஏப்ரல் 30ஆம் நாள் இலண்டனின் டிரபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவரை பெரும் ஊர்வலம் நடந்தது. ஏறத்தாழ 80,000 பேர் கூடிய அந்தப் பூங்காவில் கிளாஷ் குழு பாடியது. ஜமைக்கா வம்சாவளி இளைஞர்களின் ரெக்கே குழு பாடியது. சோமாலியத் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் பிறந்த பாலி ஸ்டைரீன் என்ற இளம்பெண், பல்லில் கம்பி மாட்டியிருந்ததை மறைக்காமல் மேடையேறிப் பாடினார். பாடகி என்றால் அழகுப் பதுமையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் உடைத்தார்.

அடுத்த ஆண்டு, 1979 ஏப்ரல் 23. இந்தியர்கள் நிறைந்த சவுத்தால் வட்டாரத்தில் நேஷனல் பிரண்ட் கூட்டம் போட்டது. எதிர்த்துத் திரண்டவர்களில் பிளேர் பீச் என்ற நியூசிலாந்துக்காரர் ஒருவர். தொழில், ஆசிரியர். அன்று தலையில் பட்ட அடியால் அவர் உயிர் இழந்தார். அடித்தவர் ஒரு போலீஸ்காரராகவே இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட போலீஸ் அறிக்கை 2010இல்தான் வெளியிடப்பட்டது. அந்த நாளில் கைதானவர்களின் வழக்குச் செலவுக்கு நிதி திரட்டப் பாடிய குழுக்களில் கிளாஷும் ஒன்று. பிறர் பிள்ளைகளுக்காகத் தெருவில் நின்ற அந்த ஆசிரியரைப் பற்றிப் படித்தபோது, வாசலில் நின்று சொந்த மாணவனைத் திருப்பி அனுப்பிய நமக்கு வெட்கமாக இருந்தது.

இனி அந்தக் கறுப்புக் குறியின் கதை.

2016ஆம் ஆண்டு. ஈப்போவில் நம் மோட்டார் சைக்கிள் நின்றுபோனது. பக்கத்தில் இருந்த பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் அந்தப் பழைய மாணவர். சேவல் கொண்டை இல்லை. புறங்கையில் அதே பெருக்கல் குறி மட்டும், இப்பொழுது பச்சையாகவே குத்தியிருந்தது. வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை செய்யும்போது, மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டோம்: "தம்பி, அது எந்தக் கும்பலோட அடையாளம்?"

அவர் சிரித்தார். "கும்பல் இல்லீங்க சார். குடிக்க மாட்டேன், போதை தொட மாட்டேன்னு சத்தியம். அப்பா சம்சு குடிச்சுத்தானே செத்தாரு. உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். அவர் நான்காம் ஆண்டு படிக்கும்போது தந்தை இறந்த செய்தியை வகுப்பறைக்குக் கொண்டு வந்தவரே நாம்தாம்.

நேயர்களே, அந்தக் குறியின் வரலாறு இது. அமெரிக்காவில், இசை நடக்கும் மதுக்கூடங்களில் வயது வராத பிள்ளைகளுக்கு மது விற்கக் கூடாது என்பதற்காக, அவர்கள் புறங்கையில் மையால் பெருக்கல் குறி போட்டு உள்ளே விடுவார்கள். 1980, 1981ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன் நகரப் பங்க் இளைஞர்கள் அந்தத் தடைக் குறியையே பெருமைச் சின்னமாக மாற்றினார்கள். 'மைனர் திரெட்' என்ற குழு 1981இல் ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டில் இந்தக் கொள்கையைப் பாடியது. 'ஸ்டிரெய்ட் எட்ஜ்' என்று அதற்குப் பெயர். குடி இல்லை, புகை இல்லை, போதைப்பொருள் இல்லை. சிட் விஷியஸைக் கொன்ற அதே இசையிலிருந்து, அந்தப் போதைக்கு எதிரான விரதமும் பிறந்தது. மலேசியாவிலும் 1990களிலிருந்து இந்த விரதத்தை ஏற்ற குழுக்கள் இருந்து வருகின்றன. கள்ளும் சம்சுவும் எத்தனை தோட்டக் குடும்பங்களைக் குலைத்தன என்பது நமக்குத் தெரியும். மதுவிலக்குப் பிரசாரம் செய்ய நாம் பேச்சாளர்களை வரவழைத்தோம். மதுவிலக்கைக் கையில் எழுதிக்கொண்டு வந்த பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டோம்.

"எங்கே கத்துக்கிட்டே இதெல்லாம்?" என்று கேட்டோம். ஈப்போவிலேயே என்றார். உண்மைதான். நம் நாட்டுக்குப் பங்க் 1970களின் இறுதியிலேயே வந்துவிட்டது என்றும், அது முதலில் வேர்பிடித்த இடங்களில் திரெங்கானு ஒன்று என்றும் சொல்வார்கள். 1991இல் கோலாலம்பூரில் 'கார்புரேட்டர் டங்' என்ற குழு தோன்றிப் பெயர் பெற்றது. நம் ஈப்போவில் 'மாஸ் செப்பரேஷன்' என்ற குழு பிறந்து, வெளிநாட்டு இரசிகர்களிடமும் அறிமுகமானது. 'ரூமா கிசானாட்' என்ற இடத்தில் ஈப்போ இளைஞர்கள் தாங்களே நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். இவர்களில் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். சீன, இந்திய இளைஞர்களும் உண்டு. தலைநகரில் 'ஃபுட் நாட் பாம்ஸ்' என்ற பெயரில் பங்க் இளைஞர்கள் வீடற்றவர்களுக்குச் சைவ உணவு சமைத்து இலவசமாக வழங்கியிருக்கிறார்கள். கோவிலில் நாம் செய்தால் அன்னதானம். கொண்டை முடிக்காரர் செய்தால் அதற்கு வேறு பெயரா?

முடியைப் பார்த்து மனிதரை அளக்கும் வழக்கம் நம்மோடு நின்றதும் அன்று. 1992இல் நம் நாட்டில் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் அரசாங்கத் தொலைக்காட்சியில் தோன்றத் தடை விதித்தார்கள். புகழ்பெற்ற பாடகர்கள் முடியை வெட்டிக்கொண்ட பிறகே திரும்ப வந்தார்கள். 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில், அநாதைக் குழந்தைகளுக்கு நிதி திரட்டப் பாட வந்த அறுபதுக்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களைப் பிடித்து, தலையை மழித்து, குளத்தில் இறக்கிக் குளிக்கச் செய்தார்கள். 2015 ஆகஸ்டு 28ஆம் நாள் இரவு, அம்பாங்கில் 'ரூமா ஆப்பி' என்ற பங்க் நிகழ்ச்சிக் கூடத்தில் சோதனை நடந்து, சுமார் 160 பேர் தடுத்து வைக்கப்பட்டார்கள். மழித்த தலையில் முடி மீண்டும் வளரும். மழித்தவர்மேல் வந்த கசப்பு அவ்வளவு எளிதில் போவதில்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்த இசையில் பங்கு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மாயா அருள்பிரகாசம் என்ற ஈழத்தமிழ்ப் பெண் 1975இல் இலண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், போர் மூண்ட பின் 1986இல் அகதியாக இலண்டன் திரும்பியவர். 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார். 2007இல் தம் தாயாரின் பெயரையே தலைப்பாக வைத்துக் 'கலா' என்ற தொகுப்பை வெளியிட்டார். குடியேறிகளைப் பற்றி அதில் அவர் பாடிய ஒரு பாட்டுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டது கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டு இசையைத்தான். அந்தப் பழைய பாட்டும் குடியேறிகளின் துயரைப் பேசியதே. 2006இல் நம் மலேசியாவின் யோகி பி குழுவினர் 'வல்லவன்' தொகுப்பில் தமிழில் ராப் பாடி, தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறியது. கானாவும் பறையும் கிட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து சாதிக்கொடுமையைக் கேள்வி கேட்டன. அந்தப் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. இவை எல்லாம் பங்க் இசை அல்ல. ஆனால் ஒதுக்கப்பட்டவர் தம் குரலைத் தாமே எழுப்புவது என்ற ஒரே ஊற்றிலிருந்து பாய்ந்தவை.

நம் தோட்டத்துத் தப்பையும் உறுமியையும் நினைத்துப் பாருங்கள். "படிக்கிற பிள்ளைக்கு மேளம் எதற்கு" என்று அவற்றையும்தான் நாம் ஒதுக்கினோம்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒருநாள் விசித்திரக் கோலத்தில் வீட்டுக்குள் நுழைந்தால், 'அடியாத மாடு படியாது' என்று கையை ஓங்குவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது: "இந்தப் பாட்டு என்ன சொல்லுது, எனக்குச் சொல்லேன்." பொருள் தெரிந்து கேட்கிறானா, வெறும் கூட்டத்தோடு போகிறானா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாவது: "உன் கூட்டாளிகள் யார்? ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வா." நம் வீட்டில் சோறு உண்ட பிள்ளை நமக்குத் தெரிந்த பிள்ளை. மூன்றாவது: "இதிலே நீ என்ன செய்யறே?" வெறுமனே வாங்கி மாட்டிக்கொள்கிறானா, கற்று, உழைத்து, ஏதாவது உண்டாக்குகிறானா? குடி, போதை, அடிதடி, பிற இனத்தாரை இகழ்தல் ஆகியவை தென்பட்டால் தயங்காமல் தடுங்கள். ஆசிரியரையும் மருத்துவரையும் நாடுங்கள். அவை இல்லாமல் முடியும் சட்டையும் மட்டுமே உறுத்தினால், சற்றுப் பொறுங்கள். முடி வளரும், விழும். பிள்ளை நம்மிடம் பேசுவதை நிறுத்திவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது அரிது.

அன்று பட்டறையில் வண்டி தயாரானது. சாமானுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கூலி வேண்டாம் என்றார். "அன்னைக்கு உன்னை உள்ளே விட்டிருக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாரம் முழுக்க நான்தான் சார் அந்தக் கவிதையைச் சொல்லிக் கொடுத்தேன். மறந்துட்டா என் மூஞ்சியைப் பாருன்னு சொல்லியிருந்தேன்" என்றார்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

பள்ளி விழாக்களில் வாசலில் நிற்கும் பொறுப்பை நாம் இன்னும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். யார் எந்தக் கோலத்தில் வந்தாலும் நாம் கேட்பது ஒன்றுதான்: "யாரைப் பார்க்க வந்தீங்க?" பிள்ளையின் பெயரைச் சொன்னால், மேடைக்கு நேரே, அந்தப் பிள்ளையின் கண்ணில் படும்படி ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம்.